மியூஸ்ஸ்கோர்ல அடிச்ச நோட்ஸை எப்படித்தான் புரூஃப் பாக்குறது? பிளே பண்ணா எல்லாம் சரியாத்தான கேக்கு!

பாளை_பேஸ்காரன் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா வரும், பொறுத்துக்கிடுங்க. நான் பாளையங்கோட்டை பக்கம், சர்ச் கோயில் கொயர்ல, அதான் பாட்டுக் குழுவுல, பேஸ் (அடிக்குரல்) பாடுதவன், பொழப்பு வேற, இது சனி ஞாயிறு சோலி. எங்க கொயர்ல ரொம்ப வருஷமா கையால எழுதுன நோட்ஸ்தான், ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுத்து இப்ப அதுல கோடு எது நோட்டு எதுன்னே தெரியாது. கேரல் சர்வீஸுக்கு எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல அடிச்சுத் தாரேன்னு நானே வாயக் கொடுத்து மாட்டிக்கிட்டேன். நோட்ஸ் அடிக்கிற மியூஸ்ஸ்கோர் சாஃப்ட்வேர் ஃப்ரீதான, இறக்கி ரெண்டு மாசமா ராத்திரி ராத்திரி உக்காந்து ஏழு பாட்டு அடிச்சேன், சோப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பேஸ்னு மேலருந்து கீழ நாலு குரல், ஆர்கன், ரெண்டு பாட்டுக்கு டிரம்பட் வேற. ஒவ்வொண்ணையும் பிளே பண்ணிப் பண்ணிக் கேட்டேன், நல்லாத்தான் இருந்துச்சு, எங்க வீட்டுல சமையல்கட்டுல நிக்கவங்களுக்கே மனப்பாடம் ஆயிட்டு. 30 செட் பிரிண்ட் எடுத்து ஸ்பைரல் பைண்டிங்கும் போட்டு பெருமையா தூக்கிட்டுப் போனேன்.

போன சனிக்கிழமை முதல் பிராக்டிஸ். மானம் போச்சு. முதல் பாட்டுல ஆர்கன் ஜி மேஜர் சுருதியில போகுது, டிரம்பட் ஊதுத தம்பி எஃப்ல ஊதுதான், ரெண்டும் சேந்து கேட்டா நாராசம். மூணாவது பாட்டுல 15வது பார்ல (கோடு போட்டுப் பிரிச்ச தாளக் கட்டம்) ஆல்ட்டோ ரெண்டா பிரிஞ்சிட்டு, பாதிப் பேர் ஒரு சுரம் பாதிப் பேர் வேற சுரம், ரெண்டு பக்கமும் நாங்கதான் சரின்னு நிக்காங்க. அஞ்சாவது பாட்டுல டெனர் ஒரு சுரத்தை இழுக்கணும், அதை ரெண்டு தடவ தட்டித் தட்டிப் பாடுதாங்க, கேட்டா நோட்ஸ்ல அப்படித்தான் இருக்குங்காங்க. இதெல்லாம் போக, ஒரு பாட்டுல தூதர்கள்னு வரணும், நான் நடுவுல ஹைஃபன் போடாம ஸ்பேஸ் தட்டிட்டேன் போல, "தூதர் கள்"னு அச்சாகி இருக்கு. சோப்ரானோ பிள்ளைய சிரிச்ச சிரிப்புல அந்தப் பாட்டையே தூக்கி வச்சாச்சு. கொயர் மாஸ்டர் ஒண்ணும் ஏசல, கண்ணாடியக் கழட்டி வேட்டி முனையில தொடச்சாவ, அவ்வளவுதான். அது ஏசுறதை விட மோசம்.

என் கேள்வி இதுதான். பிளே பண்ணும்போது சரியா கேட்டது பேப்பர்ல எப்படித் தப்பா வந்துச்சு? புரூஃப் பாக்க ஏதாவது முறை உண்டுமா? சாஃப்ட்வேரே தப்பைச் சிவப்புக் கோடு போட்டுக் காட்டாதா? டிசம்பர் முதல் வாரத்துக்குள்ள திரும்ப அடிக்கணும், இன்னொரு தடவ 30 செட்டும் வீணாப் போனா வீட்டுல என்னைய வச்சுக்கிட மாட்டாங்க.

பதநீர்ப்பிரியன்:

தூதர் கள்ளா! நம்ம உடன்குடிப் பக்கமெல்லாம் பதநீரே இப்ப சிரமப்பட்டுத்தான் கிடைக்கு, உங்க பாட்டுல மட்டும் கள்ளு ஓடுதே. சர்ச் ஐயரு காதுக்குப் போகாம பாத்துக்கிடுங்க அண்ணாச்சி. நமக்கு பதில் ஒண்ணும் தெரியாது, சிரிக்க வந்தேன்.

டிரம்பட்_தம்பி:

அண்ணே, உங்க டிரம்பட் மேட்டர் மட்டும் நான் சொல்லுதேன், நானும் பேண்ட்ல ஊதுதவன்தான், இந்த அடி நிறைய வாங்கி இருக்கேன். நாங்க ஊதுதது பி ஃபிளாட் டிரம்பட். பேப்பர்ல சி ன்னு இருந்தா எங்க வாத்தியத்துல பி ஃபிளாட்தான் வரும், அதாவது எழுதினதை விட ஒரு முழு சுரம் கீழ கேக்கும். அதனால ஆர்கன் ஜி மேஜர்ல இருந்தா எங்களுக்கு ஏ மேஜர்ல எழுதித் தரணும். மியூஸ்ஸ்கோர்ல கான்சர்ட் பிட்ச்னு ஒரு பட்டன் கீழ இருக்கும், அது ஆன்ல இருந்தா எல்லா வாத்தியத்தையும் காதுக்குக் கேக்குற சுரத்துலயே காட்டும், அடிக்கிறவங்களுக்கு அதுதான் வசதி. நீங்க அதை ஆன்ல வச்சுக்கிட்டே டிரம்பட் பார்ட்டையும் பிரிண்ட் போட்டுட்டீங்க. பட்டன் எப்படி இருந்தாலும் கம்ப்யூட்டர் பிளே பண்ணுறது ஒரே மாதிரிதான், அதனால உங்களுக்குக் காதுல தெரியாது. அந்தத் தம்பி மேல ஒரு தப்பும் இல்ல, பேப்பர்ல உள்ளதைத்தான் ஊதி இருக்கான்.

கண்டுபிடிக்க லேசான வழி, கீ சிக்னேச்சரை எண்ணுங்க, அதான் வரி தொடக்கத்துல உள்ள ஷார்ப் (அரைச் சுரம் ஏத்தும்), ஃபிளாட் (அரைச் சுரம் இறக்கும்) குறிகள். ஆர்கனுக்கு ஒரு ஷார்ப்னா டிரம்பட்டுக்கும் கிளாரினெட்டுக்கும் ரெண்டு கூட்டி மூணு ஷார்ப் இருக்கணும். ஆர்கனுக்கு ஒரு ஃபிளாட்னா, அதாவது எஃப் மேஜர்னா, எங்களுக்கு ஜி மேஜர், ஒரு ஷார்ப். ஆல்ட்டோ சாக்ஸ் இருந்தா அது ஈ ஃபிளாட் வாத்தியம், ஆர்கன் ஜி ன்னா அதுக்கு ஈ மேஜர், நாலு ஷார்ப். எல்லாப் பார்ட்டுலயும் ஆர்கன்ல உள்ள அதே ஒரு ஷார்ப்தான் இருக்குன்னா அங்கயே நிப்பாட்டிருங்க, பிரிண்ட் கொடுக்காதீங்க.

ஆர்கன்_ஸ்டாப்:

தம்பி, உன் கேள்வியிலயே பதில் கெடக்கு. பிளே பண்ணிக் கேட்டேன் கேட்டேன்னு சொல்லுத, சாஃப்ட்வேர் நீ என்ன அடிச்சியோ அதைத்தான வாசிக்கும், நீ என்ன அடிச்சிருக்கணும்னு அதுக்கு எப்படித் தெரியும்? அதுவும் ஒரே பாட்டை ரெண்டு மாசம் கேட்டா தப்பும் தாலாட்டு மாதிரி ஆயிரும், காது அதுக்குப் பழகிரும். நான் இந்த வேலைய கையெழுத்துக் காலத்துல இருந்து பாக்கேன், ஃபினாலேங்கிற சாஃப்ட்வேர்ல ரொம்ப வருஷம் ஓட்டினேன், 2024 ஆகஸ்ட்ல அந்தக் கம்பெனிக்காரங்க இனிமே இதைச் செய்ய மாட்டோம்னு கடையச் சாத்தினதுக்கப்புறம் ஒரு சாஃப்ட்வேர்ல இருந்து இன்னொண்ணுக்குக் கொண்டு போற மியூசிக்எக்ஸ்எம்எல் ஃபைலா மாத்தி மாத்தி இந்தப் பக்கம் வந்தவன். அப்படி மாத்தும்போது ஸ்லர் (சுரங்களைச் சேத்துக் காட்டுற வளைவு) இடம் மாறிப் போறது, பாட்டு வரி ஒரு நோட்டு தள்ளிப் போறது எல்லாம் உண்டு, அது தனிக் கதை.

பிளேபேக்ல பிடிபடாத தப்புதான் பிராக்டிஸ்ல மானத்தை வாங்கும். டிரம்பட் சமாச்சாரத்தை அந்தத் தம்பி சொல்லிட்டான். அடுத்தது ஒரே ஒலிக்கு ரெண்டு பேரு உள்ள சங்கதி. எஃப் மேஜர் பாட்டுல ஏ ஃபிளாட் வரவேண்டிய இடத்துல ஜி ஷார்ப்னு இருக்கும், மிடி கீபோர்டு (கம்ப்யூட்டர்ல சொருகுற கீபோர்டு) வச்சு அடிச்சா இது வரலாம். கேக்க ஒண்ணுதான், ஆனா பாடுதவன் கண்ணு தடுக்கி விழுவான். அந்த நோட்டைத் தொட்டு ஜே தட்டினா பேரு மாறும். அதுக்கப்புறம் பக்கம் திருப்புறது. ரெண்டு கையும் ஓடிக்கிட்டு இருக்கும்போது பக்கம் முடிஞ்சா எந்தக் கையால திருப்ப, சொல்லு பாப்போம்? கம்ப்யூட்டருக்குப் பக்கம் திருப்புற வேலையே கிடையாது. ஆர்கனிஸ்ட்டுக்கு ரெஸ்ட் உள்ள இடமாப் பாத்து பார் கோட்டைத் தொட்டு கண்ட்ரோல் என்டர் தட்டு, அங்க பக்கம் உடையும். அரைப் பக்கம் காலியாக் கெடந்தாலும் பரவால்ல, அழகு பாக்காத.

டெனர் தட்டித் தட்டிப் பாடினது டை போட வேண்டிய இடத்துல ஸ்லர் போட்டதாலதான். ரெண்டும் பாக்க ஒரே வளைவு. டை போட்டா ஒரே சுரம் நீளும், ஸ்லர் போட்டா அதே சுரத்தை ரெண்டாவது தடவயும் தட்டும். இது பிளேபேக்ல கேக்கும்தான், ஆனா நாலு குரலும் ஆர்கனும் சேந்து ஓடும்போது உள்ள ஒளிஞ்சுக்கிடும், டெனரை மட்டும் தனியா ஓட விட்டாத்தான் பிடிபடும். டெனருக்கு வரி தொடக்கத்துல, கீழ எட்டு போட்ட டிரெபிள் கிளெஃப் குறிதான் இருக்கான்னும் பாரு. சும்மா டிரெபிள் போட்டிருந்தா ஒரு ஆக்டேவ் (ஒரு ஸ்தாயி) மேல கேட்டிருக்கும், மேல் நோட்டெல்லாம் ஸ்கிரீன்ல சிவப்பாவும் தெரிஞ்சிருக்கும். அந்தச் சிவப்பு, குரலுக்கு எட்டாத உயரம்னு சொல்லுத எச்சரிக்கை, நீ கேட்டியே சிவப்புக் கோடு, மியூஸ்ஸ்கோர்ல அது மாதிரி உள்ளது இது ஒண்ணுதான். பேப்பர்ல விழாது. இன்னொண்ணு, பார் மேல மூலையில சின்னதா கூட்டல் குறியோ கழித்தல் குறியோ தெரிஞ்சா அந்த பார்ல தாளக் கணக்கு கூடியோ குறைஞ்சோ இருக்குன்னு அர்த்தம்.

சோப்ரானோவும் ஆல்ட்டோவும் ஒரே ஸ்டாஃப்ல, அதான் ஒரே அஞ்சு கோட்டு வரியில, அடிச்சிருந்தா கண்ட்ரோல் ஏ தட்டிப் பாரு. முதல் வாய்ஸ் நீலம், ரெண்டாவது பச்சை. ஆல்ட்டோ வரிசையில திடீர்னு ஒரு நீல நோட்டு கெடந்தா அதைத் தப்பான வாய்ஸ்ல அடிச்சிருக்க. கண்ணுக்கு இதை விட லேசான சோதனை கிடையாது, அஞ்சு நிமிஷத்துல ஏழு பாட்டும் பாத்துறலாம்.

இவ்வளவும் ஸ்கிரீன்ல. ஆனா நெசமான புரூஃப் பேப்பர்லதான். ஒரு செட் மட்டும் பிரிண்ட் எடு, 30 எடுக்காத. சிவப்புப் பேனாவை வச்சுக்க. ஒரு நடைக்கு ஒரு விஷயம் மட்டும் பாரு, முதல்ல சுரம் மட்டும், அடுத்த தடவ தாளம் மட்டும், பொறவு ஷார்ப் ஃபிளாட், பொறவு பாட்டு வரி, கடைசியா ரிப்பீட்டு, முதல் முடிவு ரெண்டாம் முடிவு, எங்க போய் எங்க திரும்பணும்ங்கிறது. எல்லாத்தையும் ஒண்ணா பாக்கேன்னு உக்காந்தா ஒண்ணையும் பாக்க மாட்ட. பார்த்து முடிச்ச பார் மேல ஒரு டிக். தப்பைக் கண்டா வட்டம் போட்டுட்டு நகரு, உடனே கம்ப்யூட்டருக்கு ஓடித் திருத்தாத, திரும்பி வரும்போது எந்த பார்ல விட்டேன்னு மறந்து நாலு பார் தாண்டித்தான் உக்காருவ. என் அனுபவத்துல கடைசிப் பக்கத்துலதான் தப்பு நிறைய இருக்கும், அடிக்கும்போதும் அசதி, பாக்கும்போதும் அசதி. அதனால நான் கடைசிப் பக்கத்துல இருந்துதான் ஆரம்பிப்பேன்.

சொல்ஃபா_பெரியம்மா:

மக்கா, உங்க ஆல்ட்டோ சண்டை என்னன்னு எனக்குத் தெரியும் போல இருக்கு. ஜி மேஜர் பாட்டுதான? 14வது பார்ல ஆல்ட்டோவுக்கு சி ஷார்ப் இருக்கா, அடுத்த பார்ல மறுபடியும் சி வருதா? பழைய கையெழுத்து நோட்ஸ்ல முத பார்ல மட்டும் ஷார்ப் போட்டுட்டு அடுத்ததுல போடாம விட்டிருப்பாங்க, எல்லாருக்கும் பாட்டு தெரியும்ங்கிற தைரியம். நீங்க அதைப் பாத்தபடியே அடிச்சிருப்பீங்க. ஷார்ப்போட செல்வாக்கு பார் கோட்டோட முடிஞ்சிரும், கம்ப்யூட்டரும் வெறும் சி ன்னுதான் எடுத்துக்கிடும். பாட்டு தெரிஞ்ச பழைய ஆளுங்க சி ஷார்ப் பாடி இருப்பாங்க, புதுப் பிள்ளைய பேப்பர்ல உள்ளதைப் பாடி இருக்கும். ரெண்டு பேரும் சரிதான் ராசா.

எங்க காலத்துல கொயர்ல முக்காவாசிப் பேரு ஸ்டாஃப் நொட்டேஷன் படிக்க மாட்டாங்க, டோ ரே மீ ன்னு எழுத்துலயே எழுதுற டானிக் சொல்ஃபாதான். நான் இன்னைக்கும் அப்படித்தான். அதுல டோ நகரும், ஜி மேஜர்னா ஜி தான் டோ. அந்த சி ஷார்ப் எங்களுக்கு ஃபே, வெறும் சி ன்னா ஃபா. எழுதும்போதே ஃபேயா ஃபாவான்னு ஒவ்வொரு இடத்துலயும் தனியா எழுதி ஆகணும், பார் கோடு தாண்டினா தானா அழியுற சோலியே கிடையாது. அதனால உங்க கோயில்ல பழைய சொல்ஃபா தாள் எங்கயாவது பீரோவுல கெடந்தா தேடி எடுங்க, ஸ்டாஃப் நோட்டுக்குப் பக்கத்துல வச்சு ஒத்துப் பாருங்க. ரெண்டு வேற வேற ஆளு வேற வேற முறையில எழுதினது, ரெண்டும் ஒரே இடத்துல தப்பா இருக்கிறது அபூர்வம். அந்தத் தாள்லயும் ஒண்ணு கவனிங்க, மேல் ஸ்தாயிக்கு எழுத்து மேல சின்னக் கோடும் கீழ் ஸ்தாயிக்கு அடியில சின்னக் கோடும் இருக்கும், ஜெராக்ஸ்ல அதுதான் முதல்ல அழியும்.

ஆளு கிடைச்சா இன்னும் நல்லது. நான் ஆல்ட்டோவை சொல்ஃபாவுல பாடுவேன், எங்க வீட்டுக்காரவ பேப்பரைப் பாத்துக்கிட்டே இருப்பாவ, நான் ஃபே ன்னு சொல்லுத இடத்துல அங்க ஷார்ப் இல்லேன்னா மேசையில ஒரு தட்டு. அடிச்ச ஆளு புரூஃப் பாக்கக் கூடாது, அதுல மட்டும் கண்டிப்பா இருங்க.

பாளை_பேஸ்காரன்:

பெரியம்மா உங்களுக்குக் கோடி நன்றி, சொன்னது அப்படியே சரி. 14வது பார், சி ஷார்ப், அடுத்த பார்ல வெறும் சி. கையெழுத்து நோட்ஸ்ல ஷார்ப் இல்லதான், ஆனா பீரோவுல சொல்ஃபா தாள் கிடைச்சுது, கரையான் பாதி தின்னுட்டு, அந்த வரி மட்டும் தப்பிச்சுது, ரெண்டு பார்லயும் ஃபே ன்னுதான் போட்டிருக்கு. ரெண்டு மாசமா நான் தப்பான சுரத்தை தினமும் கேட்டு அதுதான் பாட்டுன்னே நினைச்சிருக்கேன், அதை நினைச்சாத்தான் கூச்சமா இருக்கு.

அண்ணாச்சி சொன்ன கண்ட்ரோல் ஏ பாத்தேன், ஒரு பாட்டுல மட்டும் நாலு இடம் நீலம். இப்ப ஒரு சந்தேகம், இந்த மாதிரி அடுத்த பார்ல எல்லாம் ஞாபகத்துக்கு அடைப்புக்குறிக்குள்ள ஷார்ப்போ நேச்சுரலோ (ஷார்ப் ஃபிளாட் இல்லைன்னு காட்டுற குறி) போட்டுறலாமா, எல்லா இடத்துலயும்?

ஆர்கன்_ஸ்டாப்:

போடு. தாராளமா போடு. இங்க்கு செலவு பாக்காத.

சொல்ஃபா_பெரியம்மா:

நான் ஒத்துக்கிட மாட்டேன். எல்லா இடத்துலயும் போட்டா பேப்பர் முழுக்க வேலி கட்டின மாதிரி ஆயிரும், பிள்ளைய எதைப் பாக்கும்? அடுத்த பார்லயே அதே குரல்ல அதே சுரம் வந்தா போடுங்க, இல்லைன்னா ஒரு குரல்ல ஷார்ப்பும் அடுத்த குரல்ல நேச்சுரலும் அடுத்தடுத்து வந்தா போடுங்க. மத்த இடம் வேண்டாம்.

ஆர்கன்_ஸ்டாப்:

சரி அக்கா, நீங்க சொன்னா கேட்டுக்கிடுதேன். ஆர்கன் பார்ட்ல மட்டும் என் இஷ்டம்.

டிடிபி_வண்ணார்பேட்டை:

பாட்டு வரி பத்தி யாரும் முழுசா சொல்லலையே, அது என் சோலி. தூதர் கள் வந்தது எப்படின்னா, கண்ட்ரோல் எல் தட்டி வரி அடிக்கும்போது ஸ்பேஸ் தட்டினா வார்த்தை முடிஞ்சிட்டுன்னு அர்த்தம், ஹைஃபன் தட்டினா அதே வார்த்தையோட அடுத்த அசை. அசை நாலஞ்சு நோட்டுக்கு இழுபட்டா அண்டர்ஸ்கோர், அப்பத்தான் அடியில கோடு ஓடும். வேகமா அடிக்கும்போது கை பழக்கத்துல ஸ்பேஸ்தான் போகும். கள்ளுன்னு முடியுற வார்த்தை தமிழ்ல எத்தனை இருக்கு, அவர்கள், மேய்ப்பர்கள், சாஸ்திரிகள், எல்லாத்தையும் ஒரு தடவ தேடிப் பாத்துருங்க, கேரல் பாட்டுல மேய்ப்பர் வராம இருக்க மாட்டாரு. தலைவா ன்னு கூப்புட்டது தலை வா ன்னு பிரிஞ்சு நின்னதையும் பாத்திருக்கேன்.

அசை பிரிக்கிறதுல இன்னொண்ணு. புள்ளி வச்ச எழுத்து முந்தின அசையோடதான் நிக்கணும், அன்-பு, கர்த்-தர், இ-ரட்-ச-கர். அ-ன்பு ன்னு பிரிச்சா பாடுதவங்க ன்புல இடறுவாங்க. ஸ்தோத்-தி-ரம் மாதிரி தொடக்கத்துலயே புள்ளி வந்தா மட்டும் பின்னாடி எழுத்தோட ஒட்டிக்கிடும். மூணு சரணம் உள்ள பாட்டுல ரெண்டாவது மூணாவது சரணத்தை தனித்தனியா விரல் வச்சு எண்ணிப் பாருங்க, ஒரு அசை விட்டா அந்த வரி முழுக்க ஒரு நோட்டு முன்னால நகந்திருக்கும், கடைசி நோட்டு வரி இல்லாம அம்மணமா நிக்கும். பிளேபேக்ல குரலெல்லாம் வெறும் ஆ ஊ ன்னுதான் போகும், வரி எங்க கேக்கப் போகுது.

எழுத்துரு பிரச்சனையும் உண்டு. மியூஸ்ஸ்கோர்ல தானா வர்ற எட்வின் எழுத்துருவுல தமிழ் கிடையாது, கம்ப்யூட்டர் தன் கைவசம் உள்ள ஏதோ ஒண்ணை எடுத்துப் போட்டுக்கிடும். உங்க மெஷின்ல நல்லா இருக்கும், கடை மெஷின்ல வரி நீளம் மாறி நோட்டோட ஒட்டாது. ஸ்டைல்ல போய் வரிக்கு மட்டும் நிர்மலாவோ நோட்டோ சான்ஸ் தமிழோ ஒண்ணை நீங்களே போட்டு வச்சுக்கிடுங்க. பழைய பாமினி எழுத்துருவுல அடிச்ச பாட்டுப் புஸ்தக ஃபைல்ல இருந்து காப்பி பேஸ்ட் பண்ணாதீங்க, இங்கிலீஷ் எழுத்தும் செமிகோலனுமா கொட்டும், யூனிகோடுக்கு மாத்தித்தான் ஒட்டணும், மாத்தினதையும் படிச்சுப் பாக்கணும். கடைக்கு வரும்போது மியூஸ்ஸ்கோர் ஃபைலை பென் டிரைவ்ல கொண்டு வராதீங்க, பிடிஎஃப் ஆக்கி அந்த பிடிஎஃப்ப பேப்பர்ல எடுத்துப் புரூஃப் பாத்துட்டு அதையே கொண்டு வாங்க. கொ, கோ வுல கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கம் பிரிஞ்சு நிக்கிறதெல்லாம் பிடிஎஃப்லதான் தெரிய வரும்.

டவுண்_வயலின்:

வேற சாஃப்ட்வேர் பத்தி ஒரு வார்த்தை. சிபேலியஸ்ல புரூஃப் ரீடிங்குக்குன்னே பிளக்இன் வரிசை உண்டு, கிளெஃப், ரிப்பீட்டு, ஞாபக ஷார்ப் எல்லாம் பாக்கும். டோரிக்கோ ஆறாவது வெர்ஷன்லயும் தப்பு காட்டுற வசதி வந்தாச்சு. ஆனா அதுக எல்லாம் எழுத்துப் பிழை பாக்குற மாதிரிதான், 15வது பார்ல ஃபேயா ஃபாவான்னு சொல்லாது. கேரல் சர்வீஸுக்காக காசு கொடுத்து வாங்க வேண்டாம்.

நான் கர்நாடக சங்கீதக்காரன், எங்களுக்கும் இதே தலைவலிதான், ஸ்தாயிப் புள்ளி ஒண்ணு விழுந்தா கீர்த்தனை பாதாளத்துக்குப் போயிரும். 1904ல நம்ம எட்டயபுரத்துல சுப்பராம தீட்சிதர் சங்கீத சம்பிரதாய பிரதர்சினிங்கிற புஸ்தகத்தை அச்சுல கொண்டு வந்தப்ப சுரத்துக்கு மேல கமகத்துக்கும் (சுர அசைவு) தனித்தனி அடையாளம் போட்டு தெலுங்கு லிபியில அடிச்சிருக்காங்க. பிளே பட்டன் கிடையாது, கண்ட்ரோல் இஜட் கிடையாது, அச்சு கோத்தவரு ஒரு குறிய மாத்திக் கோத்தா வாசிச்சுப் பாத்துத்தான் கண்டுபிடிக்கணும். அந்த வேலைக்குத் தூண்டிவிட்டதுல முக்கியமான ஆளு சின்னசாமி முதலியார், அவரு கிறிஸ்தவர், கர்நாடக சங்கீதத்தை ஸ்டாஃப் நொட்டேஷன்ல அச்சடிக்க இறங்கினவரு. பேஸ்காரன் சார், நீங்க படுத பாட்டை நம்ம சீமையில முன்னாடியே பட்டவங்க இருக்காங்கன்னு சொல்ல வந்தேன், வேற ஒண்ணுமில்ல.

பாளை_பேஸ்காரன்:

அப்டேட். போன வாரம் முழுக்க உக்காந்தாச்சு. ஒரு செட் மட்டும் பிரிண்ட், சிவப்புப் பேனா, கடைசிப் பக்கத்துல இருந்து. நான் பாக்கல, பக்கத்துத் தெரு ஆல்ட்டோ அக்காவும் அவங்க மகளும் பாத்தாங்க, நான் அல்வாவும் மிக்சரும் வாங்கிக் கொடுத்து பக்கத்துல வாயப் பொத்திட்டு இருந்தேன். ஏழு பாட்டுல 43 வட்டம். அதுல நான் பிளே பண்ணிக் கேட்டுக் கண்டுபிடிச்சிருக்கக் கூடியது அஞ்சோ ஆறோதான். மேய்ப்பர் கள் ரெண்டு இடத்துல இருந்துச்சு, வண்ணார்பேட்டை அண்ணாச்சி வாய்க்குச் சர்க்கரைதான் போடணும்.

பழைய 30 செட்டையும் திரும்ப வாங்கப் போனா 26தான் வந்துச்சு, நாலு எங்கயோ கெடக்கு. யாராவது பழசைத் தூக்கிட்டு வந்து நிக்கக் கூடாதுன்னு புதுசுல ஒவ்வொரு பக்கத்துக்கு அடியிலயும் தேதி போட்டிருக்கேன், அட்டையும் பச்சை கலர்ல மாத்தியாச்சு. நாளைக்குச் சாயந்திரம் பிராக்டிஸ். டிரம்பட் தம்பிக்கு மூணு ஷார்ப் போட்ட பார்ட்டை நேத்தே வீட்டுல கொண்டு போய்க் கொடுத்தேன், வாங்கிப் பாத்துட்டு "ஏண்ணே, போன வாரமே இதைத் தந்திருக்கலாம்லா"ன்னான்.

பதநீர்ப்பிரியன்:

அந்தக் காணாமப் போன நாலு செட்டுல ஒண்ணு எனக்கு வேணுமே அண்ணாச்சி, தூதர் கள் உள்ள பக்கம் மட்டும் போதும், ஃபிரேம் போட்டு மாட்ட.